கூரை மாதிரி இருந்தால்தான் முக்கோணமா?

ஓர் அட்டையில் முக்கோணம் வரைந்து, அதன் அகலமான பக்கம் கீழே இருக்கும்படி ஆறு வயதுப் பிள்ளையிடம் காட்டுங்கள். "முக்கோணம்" என்று பதில் உடனே வரும். அதே அட்டையைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினால் குரல் தயங்கும்: "கவுந்து போச்சு டீச்சர்." அடுத்து ஒல்லியாக நீண்டு ஒரு பக்கம் சாய்ந்த முக்கோணம். "இது முள்ளு." கடைசியாக, பக்கங்கள் இரண்டும் வயிறு வைத்தாற்போல் வளைந்த கூடார வடிவம். அது முக்கோணமே இல்லை. ஆனால் வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் முக்கோணம் என்பார்கள்.

இந்த நான்கு அட்டைகளுக்கு இரண்டு நிமிடம் போதும். பேர் தெரிந்திருப்பதற்கும் வடிவம் தெரிந்திருப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அவை காட்டிவிடும். அந்தப் பிள்ளை மனத்தில் முக்கோணம் என்றால் கூரை. கூரை மாதிரி இருந்தால் முக்கோணம், இல்லையென்றால் இல்லை. மூன்று நேர்ப்பக்கங்கள், மூன்று முனைகள், எங்கும் இடைவெளி விடாமல் மூடியிருக்க வேண்டும் என்ற எதுவும் இன்னும் உள்ளே போகவில்லை.

நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1957-இல் பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே-கெல்டோஃப் என்ற ஆசிரியத் தம்பதியர் தங்கள் ஆய்வேடுகளில் விளக்கியது இதைத்தான். முதல் நிலையில் பிள்ளை வடிவத்தை அதன் தோற்றத்தால் அடையாளம் காண்கிறது. அடுத்த நிலையில் அதன் பண்புகளால். ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குப் பிள்ளையைக் கொண்டுபோவது முக்கியமாகக் கற்பிக்கும் முறைதான். வயது கூடினால் தானாக நடந்துவிடுவதில்லை. பாலர் பள்ளியிலும் முதலாம் ஆண்டிலும் வடிவியலுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அந்த நேரத்தை வண்ணம் தீட்டும் தாள்களுக்குக் கொடுத்துவிட்டால், கூரை கூரையாகவே நிற்கும். அச்சிட்ட தாள்களில் பெரும்பாலும் எல்லா முக்கோணமும் நிமிர்ந்தே இருக்கும், எல்லாச் சதுரமும் தரையில் உட்கார்ந்தே இருக்கும். பிள்ளை பார்த்ததைத்தான் பிள்ளை கற்றிருக்கிறது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் இருக்கும் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரத்தில் இந்தப் பாடத்துக்கு இரண்டு சாதகங்கள் உண்டு. ஒன்று, பள்ளியின் அளவு. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்ற 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் வழியே பெருகியவை தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள். தோட்டத்து மக்கள் பட்டணத்துக்கு நகர்ந்த பிறகு அவற்றில் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை 150-க்குக் கீழே போய்விட்டது. குறைந்த மாணவர் பள்ளி என்று அதைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் கையால் செய்து கற்கும் பாடத்துக்கு 12 பேர் உள்ள வகுப்பைப் போல வாய்ப்பு வேறில்லை. பொருள் எல்லார் கைக்கும் போகும், ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் காரணத்தையும் கேட்க முடியும். இரண்டாவது சாதகம் சன்னலுக்கு வெளியே நிற்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் சொற்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒரே வடிவத்துக்கு மூன்று பேர் கேட்டு வளர்கிறது. 2003 முதல் சில ஆண்டுகள் கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. பிறகு படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. இப்போதும் இருமொழிப் பாடத்திட்டம் உள்ள பள்ளிகளில் ஆங்கிலம் தொடர்கிறது. வீட்டில் 'ஸ்குவேர்', பள்ளியில் 'சதுரம்', பாலர் பள்ளியில் 'செகி அம்பாட் சாமா'. மூன்றையும் தடுக்க வேண்டியதில்லை, ஒன்றோடொன்று ஒட்டவைத்தால் போதும். மலாய்ப் பெயரில் ஒரு நன்மையும் இருக்கிறது. சதுரம் 'செகி அம்பாட் சாமா', செவ்வகம் 'செகி அம்பாட் தெப்பாட்'. இரண்டும் ஒரே குடும்பம் என்று பெயரே சொல்லிவிடுகிறது. தமிழில் சதுரம், செவ்வகம் என்ற சொற்கள் உறவே இல்லாதவைபோல ஒலிக்கின்றன. அந்த உறவை நாம்தான் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும்.

தமிழ் தரும் வசதியும் உண்டு. முக்கோணம் என்ற சொல்லுக்குள்ளேயே மூன்று இருக்கிறது, கோணம் இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லைப் பிரித்துச் சொல்லிவிட்டால், அட்டையைத் தலைகீழாகத் திருப்பினாலும் அவர்களே எண்ணிப் பார்த்துச் சொல்லத் தொடங்குவார்கள். தொல்லை தரும் சொற்கள் இரண்டு. பேச்சில் வட்டத்தையும் 'உருண்டையா இருக்கு' என்கிறோம், பந்தையும் 'உருண்டையா இருக்கு' என்கிறோம். முதலாம் ஆண்டிலோ வட்டம் என்றால் தாளில் உள்ளது, உருண்டை என்றால் பந்து. பிள்ளை தட்டைக் காட்டி உருண்டை என்றால் "தப்பு" என்று சொல்லிவிட்டு நகர்வதைவிட, தட்டை ஒரு கையிலும் லட்டை மறுகையிலும் கொடுத்து, எது எல்லாப் பக்கமும் உருளும் என்று கேட்பது மேல். இரண்டாவது தொல்லைச் சொல் சாய்சதுரம். அது பெரிய தொல்லை, பின்னால் தனியாக.

முதலாம் ஆண்டுக் கணிதப் பாடத்திட்டத்தில் கனச்சதுரம், கனச்செவ்வகம், நீள் உருளை, கூம்பு, உருண்டை, சதுர அடித்தளம் கொண்ட பிரமிட் என்று ஆறு முப்பரிமாண வடிவங்களும், சதுரம், செவ்வகம், முக்கோணம், வட்டம் என்று நான்கு இருபரிமாண வடிவங்களும் வருகின்றன. எதில் தொடங்குவது? கனவடிவத்தில்தான். ஜெர்மனியில் 1837-இல் முதல் பாலர் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரெட்ரிக் ஃப்ரோபெல் தம் விளையாட்டுப் பொருள் வரிசையில் மரத்தாலான உருண்டை, நீள் உருளை, கனச்சதுரம் மூன்றையும் முதலிலேயே வைத்தார். தட்டையான வடிவங்களுக்கு அதன் பிறகே வந்தார். காரணம் எளிது. கையில் எடுக்க முடிவது எல்லாம் கனவடிவம். வட்டத்தைக் கையில் எடுக்க முடியாது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் 'வட்டம்' உண்மையில் மெல்லிய நீள் உருளை. அதைக் கொடுத்து "இது வட்டம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதம் மைலோ டின்னைக் காட்டி "இது நீள் உருளை" என்றால், இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கூர்மையான பிள்ளை கேட்கும். கேட்கவும் வேண்டும்.

பொருள்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதில் கவனம் தேவை. மைலோ டின், பால் டின், டிஷ்யூ பெட்டி, பற்பசைப் பெட்டி, பந்து, பிறந்தநாள் தொப்பி ஆகியவை நல்லவை. நீள்வட்டமான சார்டின் டின் வேண்டாம். அதன் அடி வட்டமில்லை. பகடைக்காயின் முனைகள் மழுங்கியிருக்கும், ஆறு வயதுக்காரர் அதில் முனையைத் தொட்டு உணர முடியாது. ஐஸ்கிரீம் கோனின் அடி சில வகைகளில் தட்டையாக இருக்கும். வாழையிலையில் மடித்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரமிட் என்று காட்டுவது பலருக்கும் பிடித்த உத்தி. அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதன் பரப்புகள் நெளிந்தவை, எண்ணும்போது ஆளுக்கொரு விடை வரும். அறிமுகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், எண்ணுவதற்கு அட்டையில் செய்த பிரமிட்தான் சரி. சதுர அடித்தளமுள்ள பிரமிட் வீட்டுப் பொருள்களில் கிடைப்பது அரிது என்பதால், 10 செ.மீ. சதுரம் ஒன்றும் அதன் நான்கு பக்கங்களிலும் 10 செ.மீ. சமபக்க முக்கோணங்களும் ஒட்டியபடி வெட்டி, நிமிர்த்தி ஒட்டிக்கொள்ளுங்கள்.

முதல் நடவடிக்கை சறுக்குப் பலகை. 1 மீட்டர் நீளப் பலகை, அதன் ஒரு முனைக்குக் கீழே படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு செங்கல். ஏறத்தாழ 14 செ.மீ. உயரம். ஒவ்வொரு பொருளையும் வைக்கும் முன் பிள்ளைகள் ஊகிக்க வேண்டும்: உருளுமா, நிற்குமா? பந்து ஓடிவிடும். பெட்டி நிற்கும். மைலோ டின்தான் பாடம்: படுக்கவைத்தால் ஓடும், நிமிர்த்தி வைத்தால் நிற்கும். அப்போதுதான் "இதுல உருளுற பக்கமும் இருக்கு, உக்காருற பக்கமும் இருக்கு" என்று பிள்ளை சொல்லும். வளைந்த பரப்பு, சமதளப் பரப்பு என்ற பாடநூல் சொற்களை அந்த நொடியில் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும். கூம்பு நேராக ஓடாமல் வளைந்து பலகையை விட்டுக் கீழே விழும். அதை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தடவை செய்துபார்க்கக் கொடுங்கள்.

இதில் கெடுவது பலகையின் சாய்வு. ஆர்வத்தில் செங்கல்லைக் கூட்டி நான்கைந்து ஆக்கினால், அல்லது பலகை வழவழப்பாக இருந்தால், பெட்டியும் சறுக்கி இறங்கும். "பெட்டியும் ஓடுது டீச்சர்" என்று வகுப்பே கத்தும். சறுக்குவதும் உருளுவதும் வேறு என்று அதன்பிறகு விளக்க முடியும்தான். ஆனால் முதல் நாளில் அது குழப்பம். பலகையின் மேல் பழைய துண்டை இழுத்துக் கட்டிவிட்டால் பெட்டி நகராது.

அடுத்தது அச்சுப் பதித்தல். கனவடிவத்திலிருந்து தட்டை வடிவம் பிறக்கும் இடம் இதுதான். ஈரத்துணியை நான்காக மடித்துத் தட்டில் வைத்து, தண்ணீர் கலக்காத போஸ்டர் வண்ணம் இரண்டு கரண்டி தடவுங்கள். பெட்டியின் ஒரு பரப்பை அதில் ஒற்றித் தாளில் பதித்தால் செவ்வகம். பால் டின்னின் அடி பதித்தால் வட்டம். வண்ணம் நீர்த்திருந்தால் ஓரம் பரவி முனைகள் மழுங்கிவிடும். பிள்ளை செவ்வகத்துக்குப் பதில் ஒரு கறையைப் பார்க்கும். பெட்டியின் ஆறு பரப்புகளையும் பதிக்கச் சொல்லும்போது, பதித்த பரப்பில் சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டே போக வேண்டும். இல்லையென்றால் ஒரே பரப்பை இரண்டு முறை பதித்து ஏழு, எட்டு என்று சொல்வார்கள். விளிம்புகளை எண்ணும்போதும் இதே சிக்கல்தான். கனச்சதுரத்துக்கு 12 விளிம்புகள் என்பதை வண்ண நாடா ஒட்டிக்கொண்டே எண்ணினால்தான் சரியாக வரும்.

பால் டின்னில் இன்னொரு வேலை இருக்கிறது. சுற்றியுள்ள காகித லேபிளை மேலிருந்து கீழே நேராகக் கத்தரித்து உரித்து விரியுங்கள். வளைந்திருந்த பரப்பு நீண்ட செவ்வகமாகத் தரையில் கிடக்கும். டின்னின் குறுக்களவு 7.5 செ.மீ. என்றால் லேபிளின் நீளம் சுமார் 23.5 செ.மீ. வரும். அளவு பிள்ளைகளுக்குத் தேவையில்லை. வளைவுக்குள் ஒரு செவ்வகம் ஒளிந்திருந்தது என்பதே அவர்களுக்குப் போதும். லேபிளைச் சாய்வாக வெட்டிவிட்டால் செவ்வகம் வராது, அதனால் கோட்டை ஆசிரியரே முன்கூட்டிப் பென்சிலால் போட்டுவைப்பது நல்லது.

இனி குச்சியும் களியும். ஒரே ஒரு நடவடிக்கைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். சத்தே குச்சிகளை வாங்கி முதலில் கூர்முனையை வெட்டி எறிந்துவிடுங்கள். வெட்டிய பின் 24 செ.மீ. மிஞ்சட்டும். ஒவ்வொரு குச்சியையும் 12, 8, 4 செ.மீ. என மூன்று துண்டாக்குங்கள். வெட்டிய இடத்தில் சிலாம்பு இருக்கும், உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்துவிட வேண்டும். இருவருக்கு ஆறு குச்சி, அதாவது 18 துண்டு. கூடவே கோலிக்குண்டு அளவில், 1.5 செ.மீ. குறுக்களவில் பத்துக் களி உருண்டை. உருண்டை பெரிதானால் முனை எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாமல் போகும். சிறிதானால் மூன்று குச்சியைத் தாங்காது.

களியை வீட்டிலேயே பிசையலாம்: கோதுமை மாவு 2 கப், பொடி உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவும். ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கும். காலையில் இறுகலாக இருந்த மாவு மதியத்துக்குள் வியர்த்துப் பிசுபிசுக்கும், குச்சி வழுக்கி வெளியே வரும். செய்த கனச்சதுரத்தைச் சன்னலோரம் காட்சிக்கு வைத்தால் மறுநாள் சரிந்து கிடக்கும், எறும்பும் வந்திருக்கும். மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். காட்சிக்கு வைக்க வேண்டும் என்றால் எண்ணெய் கலந்த பிளாஸ்டிசின்தான் தோது.

முதல் வேலை: எந்த மூன்று குச்சியை எடுத்தாலும் முக்கோணம் வருமா? எல்லாரும் வரும் என்பார்கள். 8-8-8 வரும். 12-8-8 வரும். 12-12-4 வரும், ஒல்லியாக, முதலில் 'முள்ளு' என்று ஒதுக்கிய அதே வடிவம். இப்போது தாங்களே கட்டியதால் அதை முக்கோணம் இல்லை என்று சொல்ல மனம் வராது. பிறகு 12-4-4 கொடுங்கள். இரண்டு குட்டைக் குச்சிகளும் எட்டிப் பார்த்தும் தொடாமல் நிற்கும். இரண்டு பக்கம் சேர்ந்தாலும் மூன்றாவது பக்கத்தைவிடக் குறைவு என்றால் மூடாது என்ற உண்மை ஏழு வயதுக் கைக்குள் வந்துவிடுகிறது. இங்கே 12-8-4 என்ற கூட்டை மட்டும் தவிர்க்க வேண்டும். கணக்குப்படி அது நேர்கோடாகப் படுத்துவிட வேண்டும். ஆனால் களி உருண்டைகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் நீளம் சேர்ப்பதால் ஒரு சப்பையான முக்கோணம்போல் நின்று பொய் சொல்லும். யாராவது கேட்டால், களியை எடுத்துவிட்டுக் குச்சிகளை மட்டும் தரையில் வைத்துக் காட்டுங்கள்.

இரண்டாவது வேலை: நான்கு 8 செ.மீ. குச்சியில் சதுரம். கட்டி முடித்ததும் ஒரு முனையை விரலால் மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். சதுரம் சாய்ந்துவிடும். குச்சியின் நீளம் ஒன்றும் மாறவில்லை, ஆனால் சதுரம் போய்விட்டது. எது மாறியது? மூலை. நான்கு பக்கமும் சமமாக இருந்தால் மட்டும் சதுரம் ஆகாது, மூலைகளும் நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வழியில்லை. நிமிர்ந்த மூலையா என்று சோதிக்க நோட்டுப் புத்தகத்தின் மூலையே போதுமான கருவி. இப்போது 8-8-8 முக்கோணத்தைத் தள்ளச் சொல்லுங்கள். அது அசையாது. பிறகு சாயும் சதுரத்துக்குள் முனையிலிருந்து எதிர்முனைக்கு ஒரு 12 செ.மீ. குச்சியைக் கொடுங்கள். கணக்குப்படி அந்தக் குறுக்குத் தூரம் 11.3 செ.மீ.; குச்சியைக் களிக்குள் கொஞ்சம் ஆழமாகக் குத்தினால் பொருந்திவிடும். சதுரம் இரண்டு முக்கோணமாகப் பிரிந்து இறுகிவிடும்.

இதைச் செய்த பிள்ளையைப் பக்கத்துக் காராய்க்கு ஒருநாள் அழைத்துப்போக முடிந்தால் அழைத்துப்போங்கள். பேராக் ஆற்றின் மேல் நிற்கும் பழைய விக்டோரியா ரயில் பாலம், 1900-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் இரும்புச் சட்டகத்தில் எத்தனை குறுக்குக் கம்பிகள், எத்தனை முக்கோணங்கள் என்று எண்ணத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். போக முடியாவிட்டால் மின்கம்பிக் கோபுரம் போதும், லயத்து வீட்டுக் கூரையின் உள்சட்டம் போதும்.

நான்கு பேர் சேர்ந்தால் 12 துண்டு 8 செ.மீ. குச்சி கையில் இருக்கும். கனச்சதுரத்துக்கு அதுவே சரியான கணக்கு: 12 குச்சி, 8 உருண்டை. பிரமிட்டுக்கு 8 குச்சி, 5 உருண்டை. விளிம்பு எத்தனை, முனை எத்தனை என்பதை இங்கே மனப்பாடம் செய்ய வேண்டாம். பொருளை எண்ணி வாங்கும்போதே தெரிந்துவிடுகிறது. கனச்சதுரம் ஆடும், பிரமிட்டின் மேல்பகுதி ஆடாது. காரணத்தை அவர்களே சொல்வார்கள்.

கயிற்று வடிவம் திடலுக்கு உரியது. 6 மீட்டர் வளையம், 50 செ.மீ.க்கு ஓர் அடையாளம், மொத்தம் 12 இடைவெளி. அடையாளத்துக்கு முடிச்சுப் போடாதீர்கள். ஒவ்வொரு முடிச்சும் கயிற்றைத் தின்றுவிடும், இடைவெளிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. வண்ண நாடா சுற்றுங்கள். மூன்று பிள்ளைகள் முனைகளாக நிற்க, மற்றவர்கள் எண்ணிச் சொல்ல வேண்டும். 4-4-4 நின்றால் சமபக்க முக்கோணம், 5-5-2 நின்றால் ஒல்லி முக்கோணம், 3-4-5 நின்றால் ஒரு மூலையில் நோட்டுப் புத்தகம் சரியாகப் பொருந்தும். வீட்டு அடித்தளம் போடும் கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதும் இந்த 3-4-5 வைத்துத்தான். 6-3-3 என்று நிற்கச் சொன்னால் மூன்று பேரும் ஒரே வரிசையில் வந்துவிடுவார்கள். களி செய்ய முடியாததைக் கயிறு செய்துவிடும். ஒருவர் இழுத்து விளையாடினால் எல்லாரும் விழுவார்கள், ஆகையால் கயிற்றை இடுப்புக்குப் போடாமல் கையில் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள்.

சன்னலுக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது செம்பனை, பாமாயில் தரும் மரம். தோட்டத்துச் சாலையில் போகும்போது மரவரிசைகள் ஒரு திசையில் நேராகத் தெரியும், கொஞ்சம் நகர்ந்தால் இன்னொரு திசையில் நேராகத் தெரியும், மூன்றாவது திசையிலும் தெரியும். செம்பனையைச் சமபக்க முக்கோண அமைப்பில் நடுவதால் வரும் காட்சி அது. மரத்துக்கு மரம் 9 மீட்டர் என்பது பரவலான அளவு. சதுரமாக நட்டால் ஒரு ஹெக்டேருக்கு சுமார் 123 மரம் நிற்கும். அதே இடைவெளியில் முக்கோணமாக நட்டால் சுமார் 142. ஒவ்வொரு மரத்துக்கும் எல்லாப் பக்கமும் ஒரே தூரம், வெளிச்சமும் சமம், இடமும் வீணாகாது. தாத்தாவும் அப்பாவும் வேலை செய்த நிலத்தின் நடவிலேயே இவ்வளவு வடிவியல் இருப்பதைத் தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு.

வகுப்பில் இதைப் போத்தல் மூடிகளால் செய்யலாம். ஏழு மூடி, ஒரு 12 செ.மீ. குச்சி. ஒரு மூடியை நடுவில் வைத்து, அதிலிருந்து குச்சி தூரத்தில் இரண்டாவதை வையுங்கள். மூன்றாவது, முதல் இரண்டுக்கும் குச்சி தூரத்தில் இருக்க வேண்டும். இப்படியே சுற்றி வந்தால் நடுமூடியைச் சுற்றி ஆறு மூடி சரியாக உட்காரும், ஏழாவதுக்கு இடமிருக்காது. குச்சியை மூடியின் நடுவிலிருந்து நடுவுக்கு வைக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு முறை, நடுவிலிருந்து ஒரு முறை என்று மாற்றி வைத்தால் வட்டம் மூடாது. மூடியின் நடுவில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் இந்தத் தவறு வராது. நிஜ மரங்களைச் சாலையோரத்தில் நின்றே பார்க்கட்டும். மட்டையின் முள்ளும், விழும் மட்டையும், பாம்பும் இருக்கும் இடத்துக்குள் சின்னப் பிள்ளைகளை இறக்கக் கூடாது.

இப்போது சாய்சதுரம். நான்கு பக்கமும் சமமாக, மூலைகள் நிமிராமல் இருக்கும் வடிவத்துக்கு அந்தப் பெயர். ஆனால் சொல்லைக் கேட்ட பிள்ளை என்ன நினைக்கும்? சாய்ந்திருக்கும் சதுரம் சாய்சதுரம். ஆக, ஒரு சதுர அட்டையைக் காற்றாடி மாதிரி முனையில் நிறுத்திக் காட்டினால், "இப்ப இது சாய்சதுரம்" என்கிறது. பெரியவர்களிலும் பலர் அப்படியே சொல்கிறார்கள். பிழை பிள்ளையுடையது இல்லை, சொல் அந்தப் பக்கம் தள்ளுகிறது. அதனால் சின்ன வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பதே நல்லது. முதலாம் ஆண்டின் நான்கு வடிவங்களில் அது இல்லவும் இல்லை.

பெயருக்குப் பதில் வேலை. 10 செ.மீ. சதுர அட்டையின் நடுவில் பலகை ஊசி குத்தி, மெதுவாகச் சுழற்றுங்கள். கால் பங்கு திரும்பும்வரை ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, "இப்ப சதுரமா?" என்று கேளுங்கள். எந்த இடத்தில் பிள்ளை "இல்லை" என்கிறதோ, அங்கே நோட்டுப் புத்தக மூலையை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே அளவில் இன்னொரு அட்டை. முதல் அட்டை நேராக, இரண்டாவது அதன்மேல் முனையில் நிற்கும்படி. எட்டு முனை நட்சத்திரம் வரும். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் தரைவடிவம் இந்த இரண்டு சதுரங்களிலிருந்து பிறந்தது. அந்த நட்சத்திரத்தின் உள்மூலைகளில் சிறு வட்டப் பகுதிகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். படத்தில் ஆயிரம் தடவை பார்த்த கோபுரத்துக்குள் திரும்பிய சதுரம் ஒன்று நிற்கிறது என்று தெரிந்த பிறகு, முனையில் நிற்கும் சதுரத்தைப் பிள்ளை அவ்வளவு எளிதில் கைவிடாது.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் முப்பது நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் பொருள் பங்கிடுவதிலேயே போய்விடும். முதல் நாளே இருவருக்கு ஒரு டப்பா என்று போட்டு மூடிவைத்தால் இது பாதியாகும். புதுப் பொருளைக் கண்ட பிள்ளைகள் முதல் ஐந்து நிமிடம் தங்கள் இஷ்டத்துக்கு விளையாடாமல் விடமாட்டார்கள். அதற்கு இடம் கொடுத்துவிட்டுப் பிறகு கேள்வி கேளுங்கள். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க முயன்றால் பாடவேளை முழுவதும் அவர்கள் கையைத்தான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, தாளில் சோதிக்கும் முன் ஒரு கோலப்புள்ளிச் சோதனை. தரையில் சாக்பீஸால் மூன்றுக்கு மூன்று, ஒன்பது புள்ளிகள். புள்ளிகளை முனைகளாக வைத்து எத்தனை சதுரம் வரைய முடியும்? நான்கு சின்னச் சதுரம் உடனே வரும். வெளியே உள்ள ஒரு பெரிய சதுரத்தையும் யாராவது கண்டுபிடிப்பார்கள். ஐந்து என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பார்கள். இன்னொன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லிக் காத்திருங்கள், கை காட்டாதீர்கள். பக்கங்களின் நடுப்புள்ளி நான்கையும் இணைத்து, முனையில் நிற்கும் ஆறாவது சதுரத்தை ஒரு பிள்ளை வரையும். வரைந்துவிட்டு, யாரும் சொல்லாமலே நோட்டுப் புத்தகத்தை எடுத்து மூலையில் வைத்துப் பார்க்கும்.